அழைப்பு மணிக்கு ஒரு கையெழுத்து

எங்கள் கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் நிற்காமல் போன அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பஸ் காலியாக வந்தது, காலியாகவே போனது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, சண்டைக்கார சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் ஆட்டிய கையைக் கீழே இறக்கிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கே போக்குவரத்துப் பிரிவில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி முதல் முறையாகச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதாம், பயணிகள் தரப்பில் ஒரு புகார்கூட இல்லையாம். நானும் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என் சீட்டுக்குப் போய்விட்டேன்.

கம்பெனியின் பெயர் சுகவாணி சிஸ்டம்ஸ். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில், சுற்றிலும் முள்ளுக்காடு, நடுவில் கண்ணாடிக் கட்டடம். மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். வார்டில் நர்ஸ் மேஜை மேல் ஒரு திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். எந்தக் கட்டிலில் யார், யாருக்கு எப்போது மருந்து என்று காட்டும். அதற்குள் ஓடுவது எங்கள் சரக்கு. பலகை என்று பெயர் வைத்திருக்கிறோம். மருந்து நேரம் ஒரு துண்டு, கட்டில் கணக்கு ஒரு துண்டு, திரை ஒரு துண்டு, ஒலி ஒரு துண்டு, அழைப்பு மணி ஒரு துண்டு என்று பல துண்டுகளைச் சேர்த்ததுதான் பலகை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டீம், ஒவ்வொன்றிலும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு. எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்து மூட்டை கட்டி மருத்துவமனைக்கு அனுப்புவது என் வேலையும் மொஹ்சினின் வேலையும்.

என் பெயர் ஜான்சி. அப்பா சவுரிமுத்து தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காயம் விற்றவர். அவர் கூவினால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கிறவர் ரயிலை விட்டுவிட்டுப் பையோடு இறங்கி வருவார் என்று மார்க்கெட்டில் பேசிக்கொள்வார்கள். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, குரலும் போயிற்று. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நெடுநாள் நோயாளிகள் வார்டில் படுத்திருக்கிறார். இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். தண்ணீர் வேண்டுமா, மூத்திரம் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பொத்தான்தான். அது எங்கள் பலகையின் மணி, நான் கட்டிய மூட்டையில் போன மணி. அது அடிக்கிற வரைக்கும் நான் நிம்மதியாக ஆபீஸ் போய்வரலாம்.

இனி சால்வர் என்ற புரோகிராம் வந்த கதை. ஒரு தடவை நாங்கள் கையால் கட்டிய மூட்டையில் மருந்துத் துண்டும் கட்டில் துண்டும் முட்டிக்கொண்டு, ஏதோ ஒரு ஊரில் பலகை அரை நாள் வெள்ளையாக நின்றுவிட்டது. யார் தப்பு என்று ஒரு வாரம் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு டீமும் தன் மேல் தப்பில்லை என்று படம் போட்டு நிரூபித்தது. எல்லாருடைய நிரூபணமும் சரியாக இருந்தது, பலகை மட்டும் ஓடவில்லை. அப்போதுதான் மேலிடம் அப்பாதுரை சாரை தலைமை ஒத்திசைவு அதிகாரி என்ற புதுப் பதவியில் கொண்டுவந்து உட்கார வைத்தது. இனி யாரும் சண்டை போட வேண்டாம், விதிகளை எழுதுங்கள், தர்க்கம் முடிவு செய்யட்டும் என்று அவர் சொன்னார்.

அதில் தப்பே இல்லை, நான் சத்தியமாகச் சொல்கிறேன். சால்வர் நல்ல பொருள். இட்லி இருந்தால் சட்னி வேண்டும், மீன் இருந்தால் தயிர் கூடாது என்று ஆயிரக்கணக்கில் விதி எழுதிக் கொடுங்கள். எல்லா விதிக்கும் அடங்குகிற மாதிரி ஒரு தட்டு போட்டுக் காட்டும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லும். எந்தெந்த விதி ஒன்றோடொன்று முட்டுகிறது என்றும் சொல்லும். அதற்கு ஜால்ரா போடத் தெரியாது. எங்கள் ஆபீஸில் அப்படி வேறு யாரும் கிடையாது.

கோளாறு விதி எழுதினவர்களிடம். இது இருந்தால் அது வேண்டும், இது இருந்தால் அது கூடாது என்ற இரண்டு வகை விதிகளையும் எங்கள் டீம்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுதின. வேலை நாளில் வராத சுறுசுறுப்பு அதில் வந்தது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு: இது இருந்தே ஆக வேண்டும். அதை எழுதப் போனால் திரையில் ஒரு கட்டம் திறக்கும். 'இது இல்லாமல் போனால் பொறுப்பு யாருடையது? பெயர், கையெழுத்து' என்று கேட்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

இதற்கு மேல் அப்பாதுரை சார் தன் பங்குக்கு ஒரு ஆணை சேர்த்தார். இரண்டு தீர்வு இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும், அது சிக்கனம் என்று.

சால்வரை ஓட்டுகிற பொறுப்பு மொஹ்சினுக்கு. மெதுவாகப் பேசுகிற ஆள். அவன் முதல் கூட்டத்திலேயே எழுந்து சொன்னான்: "சார், ஒண்ணுமே வைக்காத தட்டுல இட்லியும் இல்ல, மீனும் இல்ல. ஒரு ரூலும் உடையாது. சின்னதா வேணும்னு வேற சொல்றீங்க. கடைசில அது காலித் தட்டுதான் கொடுக்கும். எது இருக்கணும்னு யாராவது சொல்லணும் சார்." நீங்கள் தர்க்கத்தோடு முரண்படுகிறீர்களா என்று அப்பாதுரை சார் கேட்டார். மொஹ்சின் உட்கார்ந்துவிட்டான்.

முதல் பரிசோதனை கேன்டீனில் நடந்தது. இருக்கிற விதிகளைப் போட்டு ஓட்டினார்கள். மறுநாள் மதியம் கழுவித் துடைத்த தட்டுகள் வரிசையாக இருந்தன, மேலே எதுவும் இல்லை. சமையல்காரர் கை கட்டிக்கொண்டு நின்றார். சாம்பாரில் உப்பில்லை, சோறு குழைந்துவிட்டது என்று தினமும் வருகிற புகார் அன்றைக்கு வரவில்லை. நாங்கள் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பரோட்டா தின்றுவிட்டு வந்து, மாலையில் கேன்டீனுக்கு விருது கொடுத்தபோது கை தட்டினோம். அடுத்தது பஸ். பின் சீட்டு ரேஷ்மா ஏறினால் ஏசி குறைவாக இருக்க வேண்டும், கணக்குப் பிரிவு ரவி ஏறினால் அதிகமாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து கூடாது என்ற மாதிரி விதிகள். யாரும் ஏறாவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை என்று சால்வர் கண்டுபிடித்துக் கொடுத்தது.

பத்து மணிக்குத் தீர்வு வாசிப்பு என்று ஒரு சடங்கு வந்தது. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அப்பாதுரை சார் அன்றைக்குச் சால்வர் நீக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் சேர்ந்து "முரண்பாடு இல்லை" என்று சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் பாதிரியார் வாசிக்க, மக்கள் சேர்ந்து மன்றாட்டு சொல்வதுபோலவே இருக்கும் என்பதால் எனக்குச் சுலபமாகப் பழகிவிட்டது. வாய் தானாகச் சொல்லும், மனசு மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று யோசிக்கும்.

அப்படித்தான் பலகையின் ஒன்பதாம் பதிப்பு வாசிப்பில் நின்றேன். மருந்து நேரம் இல்லை, கட்டில் கணக்கு இல்லை, ஒலி இல்லை. முரண்பாடு இல்லை, முரண்பாடு இல்லை, முரண்பாடு இல்லை. அழைப்பு மணி இல்லை என்று வாசித்தார். முரண்பாடு இல்லை என்று என் வாயும் சொன்னது. சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எது போயிற்று என்று உறைத்தது. அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு கையெழுத்து போதும் என்று மொஹ்சின் சொன்னான். அழைப்பு மணி இருந்தே ஆக வேண்டும் என்று யாராவது ஒருவர் எழுதிவிட்டால் சால்வர் அதை மீறாது. மருந்துக்கும் கட்டிலுக்கும் நர்ஸிடம் காகிதம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார்கள். மணிக்கு மாற்று கிடையாது. ஒன்பதாம் பதிப்பு போகிற முதல் மருத்துவமனை அப்பா இருக்கிற மருத்துவமனை.

முதலில் மணி டீமின் தலைவி, அந்தப் பின் சீட்டு ரேஷ்மாவிடம் போனேன். அவளுக்கு அப்பாவைத் தெரியும், பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறாள். கண் கலங்கித்தான் பேசினாள். "எங்க மணி ரொம்ப நல்ல மணி அக்கா. ஆனா இருந்தே ஆகணும்னு நான் கையெழுத்து போட்டா, என்னைக்காவது ஒரு நாள் அடிக்காம போச்சுன்னா என் பேரு வந்துடும். இல்லாத மணி ஏன் அடிக்கலன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?" என்றாள். அவள் சொன்னது நியாயம் மாதிரிகூடத் தோன்றியது, அதுதான் கொடுமை.

ஒலி டீமில், மணி எங்களுடையது இல்லை, சத்தம் மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். சட்டப் பிரிவில், 'இருக்க வேண்டும்' என்று எழுதினால் இல்லாதபோது அது குற்றம், எழுதாவிட்டால் அது வெறும் நிலைமை என்று விளக்கி, டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். விற்பனைப் பிரிவில் புதிய பதிப்பின் விளம்பரத்தைக் காட்டினார்கள். அமைதியான வார்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

கடைசி நம்பிக்கை நோயாளிப் பாதுகாப்புப் பிரிவு. அதன் தலைவர் ஜெபகுமார் சார், பழுத்த அனுபவஸ்தர், எல்லாரையும் அம்மா போட்டுத்தான் பேசுவார். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"இங்க பாரும்மா," என்றார். "மணின்னு ஒண்ணு இருந்தா அது தப்பா அடிக்கலாம். அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காம போகலாம். ரெண்டும் ஆபத்து. மணியே இல்லன்னா ரெண்டு ஆபத்தும் இல்ல. எங்க பிரிவு ஆரம்பிச்ச நாள்ல இருந்து கூடாதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கோம். இருக்கணும்னு ஒண்ணுகூட எழுதினதில்ல. அதனாலதான் எங்க மேல இதுவரைக்கும் ஒரு கறை கிடையாது."

நோயாளி கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுகளின் பட்டியலை மேலிருந்து கீழ் வரை உண்மையாகவே தேடினார். நோயாளி என்று ஒரு துண்டு இதில் இல்லையே அம்மா என்று வருத்தத்தோடு சொன்னார்.

வேறு வழியில்லாமல் அப்பாதுரை சார் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அப்பாவுக்கு வயது என்ன என்று விசாரித்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு பேசினார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன நடந்தது? சண்டை. யார் தப்பு, யார் தப்புன்னு ஒரே கூச்சல். இப்போ ஒரு சத்தம் கேக்குதா? மனுஷன் சொன்னா அது கருத்து, ஜான்சி. கருத்துக்கு அந்த ஆள் பொறுப்பு. சால்வர் சொன்னா அது முடிவு. முடிவுக்கு யாரும் பொறுப்பு இல்ல. நான் கூட இல்ல. எவ்வளவு பெரிய விடுதலை தெரியுமா இது? எனக்கு பி.பி. மாத்திரையை டாக்டர் பாதியாக் குறைச்சுட்டார்."

என் அப்பாவுக்குப் பேச்சு வராது சார் என்று மறுபடி சொன்னேன். ஆபீஸில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், தான் யாரையும் தடுக்கவில்லை, நீயே போடேன் என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை பேரிடம் அலைந்தவள், என் கையில் பேனா இருப்பதை மறந்துவிட்டேன். சீட்டுக்கு வந்து மூன்றாவது வகை விதியைத் திறந்து, கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில் அப்படி எழுதப்பட்ட முதல் விதி அது. மொஹ்சின் எழுந்து வந்து கை கொடுத்தான்.

மறுநாள் வாசிப்பில் சால்வர் முதல் முறையாகத் தீர்வு இல்லை என்று சொல்லிவிட்டது. கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அவசரமாக ஒத்திசைவுக் குழு கூடியது. என்னையும் மொஹ்சினையும் ஓரமாக உட்கார வைத்தார்கள். ஒன்றோடொன்று முட்டுகிற விதிகளைச் சால்வர் தெளிவாக எழுதிக் காட்டியிருந்தது. மணி இருந்தால் ஒலி வேண்டும். ஒலி இருந்தால் பழைய திரை வேண்டும். மணி இருந்தால் புதிய திரை வேண்டும். பழைய திரையும் புதிய திரையும் சேர்ந்து இருக்கக் கூடாது. மணி இருந்தே ஆக வேண்டும்.

மொஹ்சின் எழுந்தான். ஒலி ஓடுவதற்குப் பழைய திரை தேவையே இல்லை, அந்த டீம் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வைத்த விதி அது, அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், மணி கணீரென்று அடிக்கிறது என்றான். அந்த ஒரு விதியை எடுத்தால் தீர்ந்தது. ஒலி டீமின் தலைவர் விதியை எடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஆனால் எடுக்க வேண்டுமானால் ஏன் எழுதினோம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதைச் சொல்வதில் ஆட்சேபம் இருக்கிறது என்றார். குழு தலையாட்டியது.

அப்பாதுரை சார் எழுந்து பட்டியலைக் காட்டினார். மேலே இருக்கிற நான்கு விதிகளும் மாதக்கணக்காக ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன, ஒரு நாளாவது தகராறு வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றார்கள். ஐந்தாவது எப்போது வந்தது? நேற்று. தகராறு எப்போது வந்தது? இன்று. அப்புறம் என்ன, என்று கையை விரித்தார். மணியே இல்லாததால்தான் சார் இத்தனை நாள் தகராறு வரவில்லை என்று மொஹ்சின் சொன்னான். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார் அப்பாதுரை சார். என் விதியை நீக்கினார்கள். சால்வரை மறுபடி ஓட்டினார்கள். தீர்வு வந்தது, காலியாக. எல்லாரும் எழுந்து நின்று முரண்பாடு இல்லை என்றார்கள். மொஹ்சின் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பணியாளர் பிரிவில் ஒரு விதி இருந்ததாம், விதி உரிமையாளர் என்று பதிவானவருக்கு விதி இருக்க வேண்டும் என்று. என்னை உரிமையாளர் என்று பதிந்துவிட்டார்கள், என் விதியோ போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை கேட்டில் அட்டையைத் தேய்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி அன்பு திரையைப் பார்த்துவிட்டு, "உங்க மேல தப்பு ஒண்ணும் காட்டல மேடம். உங்களையே காட்டல," என்றார். கோபம் வர வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், வரவில்லை. எதிர்ப்பக்கம் போய்த் தாம்பரம் பஸ் ஏறினேன்.

ஏறினவள் நேரே வார்டுக்குப் போனேன். சனிக்கிழமையே ஒன்பதாம் பதிப்பை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நர்ஸ் மேஜையில் பலகை முழுக்கப் பச்சை, நடுவில் 'முரண்பாடு இல்லை' என்று மட்டும் இருந்தது. அப்பாவின் படுக்கை நனைந்து சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இடது கட்டைவிரல் சிவந்து வீங்கி, நகக்கண்ணில் தோல் உரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரலால் பொத்தானை மறுபடி அமுக்கினார். டிக் என்றது, அவ்வளவுதான். கேட்டில் வராத கோபமெல்லாம் அந்த விரலைப் பார்த்து வந்தது. நாசமாய்ப் போக என்று சத்தமாகவே சொன்னேன். யாரை என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது, அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

வார்டு நர்ஸ் தனம் ஓடிவந்து விரிப்பை மாற்றினாள். முடிச்சூர்ப் பக்கத்துப் பெண், வேலையில் படு வேகம். "ஞாயித்துக்கெழம ஃபுல்லா ஒரு மணிகூட அடிக்கலக்கா. எல்லாரும் தூங்கிகினு கீறாங்கன்னு நெனச்சுட்டேன். அந்த போர்டு வேற பச்சையா கீது. இன்னா பண்றது, பேஜாரா பூட்ச்சு," என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் விரலில் மருந்து தடவினாள்.

இந்த வார்டில் கூட ஆள் தங்க அனுமதி கிடையாது. கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி இருப்பதால் துணை தேவையில்லை என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பார்வை நேரம் முடிந்து நான் வெளியே வந்தேன். மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால் கிணிங் என்று அடிக்கிற பழைய மாதிரி மணி ஒன்று வாங்கினேன். மறுநாள் அதைக் கட்டிலின் இடது பக்கக் கம்பியில் வைத்து முறுக்கி, அப்பாவின் கையை எடுத்து மேலே வைத்தேன். வார்டு முழுக்கக் கேட்டது.

தனம் வந்து பார்த்தாள். கட்டிலில் வெளிப்பொருள் எதையும் மாட்டக் கூடாது என்பது அங்கே விதி. கழற்றச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள், ஸ்குரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "இருக்கட்டும்க்கா. எவன்னா கேட்டா தனம் வெக்க சொன்னான்னு சொல்லு," என்றாள். இவ்வளவு சுருக்கமாக ஒரு காரியம் முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த வாரத்துக்குள் மற்றக் கட்டில்காரர்களின் வீட்டாரும் கடை எங்கே என்று கேட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் பார்வை நேரத்தில் அப்பாதுரை சார் குழுவோடு வார்டுக்குள் நுழைந்தார். கூடவே போட்டோகிராபர், சால்வை, கேடயம். ஒன்பதாம் பதிப்பு வந்த நாளிலிருந்து பலகையில் ஓர் அழைப்புகூடப் பதிவாகவில்லை, இந்தியாவிலேயே அழைப்பே இல்லாத முதல் வார்டு என்று மருத்துவமனைக்கு விருது. என்னைப் பார்த்தார், திரையில் இல்லாத பெயர் என்பதால் பார்வை நிற்காமல் கடந்து போயிற்று. பச்சைப் பலகை பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தார். நோயாளிகள் கூப்பிடுவது ஒரு முரண்பாடு, கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாத இடம்தான் ஆரோக்கியம், என்று போய்க்கொண்டிருந்தது.

அப்பா மணி அடித்தார். எதிர்க் கட்டில்காரரும் அடித்தார், அதற்குப் பிறகு மூலையில் இருக்கிற பெரியவரும். மாலையில் டீ வருகிற நேரம், எல்லாருக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அப்பாதுரை சார் பேச்சை நிறுத்தினார். பிறகு முகம் மலர்ந்தது. கைதட்ட முடியாதவர்கள் மணி அடிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு கட்டிலாகத் திரும்பிக் கும்பிட்டார். போட்டோகிராபர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

தனம் மூத்திரப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் வழி வுடுங்க சார் என்று குழுவுக்கு நடுவே புகுந்து அப்பாவிடம் வந்தாள். ஜெபகுமார் சார் கட்டிலில் இருந்த சைக்கிள் மணியை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். இது யாருடைய பொறுப்பு என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னோடது சார்," என்றாள் தனம், திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டே. "எதுனா ஆச்சுன்னா என்னைக் கேளுங்க."

அப்படி ஒரு வாக்கியத்தைக் குழுவில் யாரும் நேரில் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். ஜெபகுமார் சார் ஓரடி பின்வாங்கினார். அப்பாதுரை சார் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதில் மணி எதுவும் இல்லை, பச்சையாகவே இருந்தது. அவருக்குத் தெம்பு திரும்பியது. கேடயத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. துண்டு காயப் போடத் தோதாக இருக்கிறதென்று தனம் சொல்கிறாள்.

அன்று பார்வை நேரம் முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்திருப்பேன், அப்பாவின் மணி அடித்தது. திரும்பி ஓடினேன். தனமும் ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். இன்னா வோணும்பா என்று கேட்டேன். தண்ணீர் இல்லை என்று தலையாட்டினார். பாத்திரமும் வேண்டாம். வலிக்கிறதா என்றால் அதற்கும் இல்லை. கட்டைவிரலால் மணியை மறுபடி ஒரு தடவை மெதுவாகத் தள்ளி, அது அடித்து ஓய்கிற வரை கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

ஒன்றும் வேண்டாமாம். இருக்கிறதா என்று பார்த்தாராம்.

"கீதுப்பா," என்றேன்.